டிவிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிவியின் பின்பக்கம் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி, திரையில் ஓடும் நிறத்தையே சுவரிலும் படரவிடுவது எப்படி என்று சில மாதங்களுக்கு முன் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். பிலிப்ஸ் நிறுவனம் 2004-ல் 'ஆம்பிலைட்' என்ற பெயரில் கொண்டுவந்த வசதி அது. இன்று சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்று ஸ்ட்ரிப்பும், அதை இயக்க இஎஸ்பி 32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டும் வாங்கி வந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். செய்து பார்த்தவர்களிடமிருந்து இப்போது கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலும் "எல்லாம் சரியாகத்தான் மாட்டினேன், ஆனால்..." என்றே தொடங்குகின்றன. டிவி சர்வீஸ் கடை நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கோளாறு தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பவர், அடுத்தது கிரவுண்ட் (மைனஸ் இணைப்பு), அப்புறம் போர்டிலிருந்து ஸ்ட்ரிப்புக்கு நிறச் சிக்னல் போகும் டேட்டா ஒயர். சாஃப்ட்வேர் கடைசி. கடிதம் எழுதியவர்களில் பலர் கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பிரித்துப் போட்டு, நன்றாக இருந்த செட்டிங்கையும் கலைத்துவிட்டு நிற்கிறார்கள்.

55 அங்குல டிவி. மீட்டருக்கு 60 பிக்சல் உள்ள டபிள்யூஎஸ் 2812பி ஸ்ட்ரிப்பை நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். இருட்டான காட்சிகளில் அழகாக எரிகிறது. வெள்ளைக் காட்சி வந்தால் ஸ்ட்ரிப்பின் கடைசிப் பகுதி ஆரஞ்சு நிறமாகிறது. சில நேரம் மொத்தமாக அணைந்து மறுபடி எரிகிறது. அடாப்டர் 5 வோல்ட், 3 ஆம்பியர். ஸ்ட்ரிப் மட்டமான சரக்கா?
– மதுரை வாசகர்

ஸ்ட்ரிப்பைக் குறை சொல்லாதீர்கள், அதற்குச் சாப்பாடு போதவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 122 செ.மீ., உயரம் 68 செ.மீ. சுற்றளவு 3.8 மீட்டர். மீட்டருக்கு 60 என்றால் 228 பிக்சல். ஒரு பிக்சலுக்குள், அதாவது ஸ்ட்ரிப்பில் உள்ள ஒரு விளக்குப் புள்ளிக்குள், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள் இருக்கின்றன. மூன்றும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஒரு பிக்சல் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 228-ஆல் பெருக்கினால் 13 ஆம்பியரைத் தாண்டிவிடுகிறது. உங்கள் அடாப்டர் தருவது 3. இருட்டுக் காட்சியில் பாதி விளக்கு அணைந்தே இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. வெள்ளை வந்ததும் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. இஎஸ்பி 32-க்கும் அதே லைனிலிருந்துதான் கரண்ட் போகிறது என்பதால் அதுவும் ரீஸ்டார்ட் ஆகிறது. நீங்கள் பார்க்கிற 'அணைந்து எரிவது' அதுதான்.

ஆரஞ்சு நிறத்துக்கும் காரணம் உண்டு. சிவப்பு விளக்கு எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். ஸ்ட்ரிப்பில் இருக்கும் செம்புத் தகடு மெல்லியது. கரண்ட் அதில் ஓடி ஓடிக் கடைசிப் பிக்சலுக்கு வருவதற்குள் வோல்டேஜ் குறைந்துபோகிறது. முதலில் நீலம் சோர்கிறது, பிறகு பச்சை, சிவப்பு மட்டும் திடமாக நிற்கிறது. வெள்ளை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் சிவப்பாகிறது. சுவரில் இந்த வரிசையைப் பார்த்தாலே போதும், வேறெதையும் பிரிக்க வேண்டியதில்லை.

உறுதி செய்துகொள்ள மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஸ்ட்ரிப் முழுவதையும் வெள்ளையில் எரியவிடுங்கள். தொடக்கத்தில் இருக்கும் பிளஸ், மைனஸ் செம்புப் புள்ளிகளில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை அளந்து பாருங்கள். தொடக்கத்திலேயே 5-ஐ விட்டு நன்றாக இறங்கியிருந்தால் அடாப்டர் போதவில்லை. தொடக்கத்தில் 5 இருந்து கடைசியில் 4-க்குப் பக்கத்தில் வந்தால் ஸ்ட்ரிப்பின் வழியில் இழப்பு. உங்களுக்கு இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். 5 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (தகரப் பெட்டியில் வரும் பவர் சப்ளை) வாங்குங்கள். அதிலிருந்து 1 சதுர மி.மீ. செம்பு ஒயரை டிவியின் பின்னால் தனியாக ஓட்டி, ஸ்ட்ரிப்பின் தொடக்கத்திலும் கடைசியிலும் நடுவில் இரண்டு மூலைகளிலும் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஈயம் வைத்து இணையுங்கள். அந்த ஒயரில் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு 4 ஆம்பியர் போனாலும் போக வர 0.2 வோல்ட்தான் இழப்பு. ஒவ்வொரு கிளைக்கும் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. அப்புறம் இஎஸ்பி போர்டில் ஓடும் டபிள்யூஎல்இடி சாஃப்ட்வேரின் செட்டிங்கில் கரண்ட் வரம்பு என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் 8000 மில்லி ஆம்பியர் என்று போட்டுவிடுங்கள். அதற்கு மேல் போகும் நிலை வந்தால் அதுவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி படம் பார்க்க அந்த வெளிச்சமே அதிகம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். கடைசிப் பிக்சல் பிரகாசிக்கட்டும் என்று அதைத் திருப்பாதீர்கள். இந்த ஸ்ட்ரிப் தாங்குவது 5.3 வோல்ட் வரைதான். கடைசியைக் காப்பாற்றப் போய் முதலில் இருப்பதைக் கருக்கிவிடுவீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸில் 230 வோல்ட் வரும் திருகுகள் திறந்தே இருக்கும். பிளாஸ்டிக் மூடியும் பாதி நேரம் கழன்று கிடக்கும். டிவிக்குப் பின்னால் குழந்தை கை விடும், ரிமோட் விழுந்தால் நாமே இருட்டில் துழாவுவோம். அதை மூடிய பெட்டிக்குள் வையுங்கள், எர்த் ஒயரைக் கட்டாயம் இணையுங்கள். வீட்டில் மூன்று முனை பிளக்கில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைச் செய்ய வேண்டாம்.

டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே பவர் எடுத்தால் டிவியோடு சேர்ந்து எரிந்து அணையுமே, அது கூடாதா?
– திண்டுக்கல் வாசகர்

யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. முழு வெள்ளையில் அது எட்டிலிருந்து பதினைந்து பிக்சலுக்குத்தான் காணும். ஒரே நிறத்தில் மங்கலாக எரியும் சின்ன ஸ்ட்ரிப்புக்குச் சரி. நிறம் மாறும் ஸ்ட்ரிப்பை அதில் மாட்டி போர்டே போன டிவிகள் என் கடைக்கு வந்திருக்கின்றன. வேண்டாம்.

இஎஸ்பி 32-க்கு மொபைல் சார்ஜர், ஸ்ட்ரிப்புக்குத் தனி எஸ்எம்பிஎஸ் போட்டிருக்கிறேன். பவர் நன்றாக இருக்கிறது, மீட்டரில் பார்த்துவிட்டேன். ஆனால் நிறங்கள் கண்டபடி பளிச்சிடுகின்றன. டேட்டா ஒயரைக் கையில் பிடித்தால் கொஞ்சம் அடங்குகிறது. புரோகிராமை மூன்று விதமாக மாற்றிப் பார்த்தேன்.
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

கையில் பிடித்தால் அடங்குகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இரண்டு பவர் சப்ளைகளின் மைனஸும் ஒன்றோடொன்று சேரவில்லை. டேட்டா ஒயரில் வரும் வோல்டேஜை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஸ்ட்ரிப்புக்குத் தெரியவில்லை. இஎஸ்பி போர்டின் கிரவுண்ட் பின்னிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸின் மைனஸுக்கு ஓர் ஒயர் போடுங்கள். டேட்டா ஒயரோடு முறுக்கி ஒன்றாகவே கொண்டுபோங்கள்.

அதற்கப்புறமும் அவ்வப்போது பளிச்சிட்டால் அடுத்த காரணத்தைப் பார்க்கலாம். 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ் 2812பி, தனக்கு வரும் வோல்டேஜில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 3.5 வோல்ட் வந்தால்தான் அதை 'ஒன்று' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். இஎஸ்பி 32 தருவது 3.3. பல வீடுகளில் இது ஓடிவிடுகிறது, அதனால்தான் குழப்பம். நண்பர் வீட்டில் ஓடுகிறது, நம் வீட்டில் ஓடவில்லை. ஒயர் கொஞ்சம் நீண்டால், அறை கொஞ்சம் சூடானால் தடுமாறும். 74ஏஎச்சிடி125 என்ற சிப்பை நடுவில் போட்டால் 3.3-ஐ 5 ஆக்கிக் கொடுக்கும். நான்கு சேனல் உள்ள சின்ன 'லெவல் கன்வர்ட்டர்' போர்டை வாங்கிவிடாதீர்கள். அது மெதுவான சிக்னலுக்காகச் செய்தது. இந்த ஸ்ட்ரிப் கேட்பது நொடிக்கு 8 லட்சம் பிட்.

சிப் கிடைக்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. ஸ்ட்ரிப்பிலிருந்து ஒரே ஒரு பிக்சலை வெட்டி எடுத்துப் போர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதற்குப் போகும் பிளஸ் ஒயரில் மட்டும் 1என்4007 டயோடு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். டயோடு 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும், அந்தப் பிக்சலுக்கு 4.3 கிடைக்கும். 4.3-ல் பத்தில் ஏழு 3.01. உங்கள் 3.3 அதைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பிக்சல் சிக்னலைத் திருத்தி, தன் 4.3 வோல்ட் உயரத்தில் அடுத்ததற்கு அனுப்பும். ஸ்ட்ரிப்புக்கு 3.5 போதுமே. இந்த முதல் பிக்சல் எரியாதபடி டபிள்யூஎல்இடி-யில் ஒதுக்கிவிடலாம். டேட்டா ஒயரின் தொடக்கத்தில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், ஸ்ட்ரிப்பின் பிளஸ், மைனஸுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

புரோகிராமைப் பழையபடியே வையுங்கள். அதில் குறையில்லை.

மேல் வரிசை முழுக்க எரிகிறது. வலது மூலை தாண்டியதும் ஒன்றும் இல்லை. ஸ்ட்ரிப்பில் அத்தனையும் ஒரே நேரத்தில் பழுதாகுமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

ஆகாது. இந்த ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு பிக்சலும் தனக்கு உரியதை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்பும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நன்றாக இருந்தாலும் எரியாது. எனவே பார்க்க வேண்டியது இரண்டே பிக்சல்கள்: கடைசியாக எரிவதும், அதற்கு அடுத்து எரியாததும்.

மூலை என்கிறீர்கள். அங்கே கிளிப் மாதிரி மூடும் எல் கனெக்டர் போட்டிருப்பீர்கள். அதன் உள்ளே இருக்கும் பல் செம்புப் புள்ளியை மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரிப் சூடாகி ஆறும்போது விலகிவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள், எரிந்தால் அதுதான் காரணம். கனெக்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒயர் வைத்துவிடுங்கள். செம்புப் புள்ளிகளின் நடுவே கோடு போட்டிருக்கும் இடத்தில் வெட்டுங்கள். ஆறு புள்ளிகளிலும் முதலில் ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் தடவி, ஈயத்தை மெல்லிய குமிழாக உருக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து செ.மீ. ஒயர் மூன்றை எடுத்து, அவற்றின் நுனியிலும் ஈயம் ஏற்றுங்கள். பிறகு நுனியைக் குமிழின் மேல் வைத்து சால்டரிங் அயனை ஒரு நொடி தொட்டால் போதும், உள்ளே அமிழ்ந்துவிடும். அதிக நேரம் வைத்தால் செம்பு தோலோடு உரிந்து வரும். ஸ்ட்ரிப்பில் அச்சடித்திருக்கும் அம்புக்குறி இரண்டு துண்டிலும் ஒரே திசையில் போகிறதா என்று வெட்டுவதற்கு முன்பே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி ஒட்டிய துண்டு எரியவே எரியாது.

அழுத்தியும் எரியவில்லை என்றால் அந்த இரண்டு பிக்சலில் ஒன்று போய்விட்டது. இரண்டையும் சேர்த்தே வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வையுங்கள். எது குற்றவாளி என்று ஆராய்வதைவிட அது சுலபம்.

செட்டாப் பாக்ஸில் சேனல் பார்த்தால் விளக்கு வேலை செய்கிறது. டிவியிலேயே இருக்கும் ஆப்பில் படம் போட்டால் இருண்டுவிடுகிறது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரும், திரையின் நிறத்தை எடுத்து ஸ்ட்ரிப்புக்கு அனுப்பும் ஹைபீரியன் சாஃப்ட்வேரும் வைத்திருக்கிறேன்.
– சென்னை வாசகர்

உங்கள் அமைப்பில் செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ ஒயர் இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு வந்து, ஒரு கிளை டிவிக்கும், ஒரு கிளை படத்தை ராஸ்பெர்ரி பைக்குக் கொடுக்கும் கேப்சர் கார்டுக்கும் போகிறது. டிவிக்குள்ளேயே பிறக்கும் படம் எந்த ஒயர் வழியாகவும் வெளியே வருவதில்லை. ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில் ஒலி மட்டும்தான் வெளியே வரும். படத்தை வெளியிலிருந்து கொண்டுவருவதுதான் வழி. ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் மாட்டுங்கள். அப்போதும் சில ஆப்களில் கேப்சர் கார்டுக்குக் கறுப்புப் படம்தான் வரும். அது படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் பூட்டு, கோளாறு இல்லை. திரையைக் கேமராவால் பார்த்து நிறம் எடுக்கும் கிட்கள் கடையில் கிடைக்கின்றன, அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நிறம் அவ்வளவு துல்லியமாக வராது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எச்டிஆர் (வெளிச்ச வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும்) படங்களில் சுவர் வெளிறிப்போனால் ஹைபர்எச்டிஆர் என்ற சாஃப்ட்வேருக்கு மாறுங்கள், அது அந்த நிறங்களைத் திருத்தித் தரும்.

ஆர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோலர் போர்டை வைத்து கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டுகிறேன். 228 பிக்சல். சுவர் எப்போதும் படத்துக்குப் பின்னாலேயே ஓடிவருகிறது.
– ஓசூர் வாசகர்

சீரியல் வேகம் 1,15,200 என்றால் நொடிக்கு 11,520 பைட். உங்கள் ஒரு ஃபிரேமுக்குப் பிக்சலுக்கு 3 வீதம் 684 பைட்டும், ஃபிரேமின் தொடக்கத்தைச் சொல்லும் தலைப்பு 6 பைட்டும் வேண்டும். நொடிக்குப் பதினாறு, பதினேழு ஃபிரேம்தான் போகும். போதாததற்கு, ஸ்ட்ரிப்புக்கு அனுப்பும் ஏறக்குறைய 7 மில்லி விநாடி நேரமும் ஊனோ வேறு எதையும் காதில் வாங்காது. அந்த இடைவெளியில் வரும் பைட்டுகள் தொலையும், அதனால் நிறமும் குழம்பும். இஎஸ்பி 32-க்கு மாறி வேகத்தை 5,00,000-ஆகவாவது வையுங்கள். மாறிய பிறகும் கொஞ்சம் பிந்தினால், சாஃப்ட்வேரில் நிறத்தை மெல்ல மாற்றும் 'ஸ்மூத்திங்' எத்தனை மில்லி விநாடி என்று பாருங்கள். 200 இருந்தால் 100 ஆக்குங்கள்.

அம்மா நாள் முழுக்கச் செய்திச் சேனல் பார்க்கிறார். கீழே ஓடும் சிவப்புப் பட்டையால் டிவியின் கீழ்ப்பக்கம் எப்போதும் சிவப்பாகவே எரிகிறது, 'பிரேக்கிங்' வந்தால் சுவரே துடிக்கிறது. படம் போட்டால் மேலும் கீழும் விளக்கே இல்லை. சுவர் பிஸ்தா பச்சை, நிறமும் சரியாக வருவதில்லை.
– திருச்சி வாசகி

மூன்றுமே நல்ல கேள்விகள். நம் செய்திச் சேனல்களில் திரையின் கீழ்ப்பகுதி முழுக்க எழுத்தும் பட்டையும்தான். ஹைபீரியனில் கீழ்வரிசை எந்த உயரத்திலிருந்து நிறம் எடுக்க வேண்டும் என்று சொல்லலாம். அதைப் பட்டைக்கு மேலே ஏற்றிவிடுங்கள். டிவி மேசைமேல் நிற்கிறது என்றால் கீழ்வரிசையையே எடுத்துவிடலாம். அந்த வெளிச்சம் மேசைமேல்தான் விழும். படத்தில் மேலும் கீழும் இருண்டிருப்பதற்குக் காரணம், அகலப் படங்களுக்கு வரும் கறுப்புப் பட்டை. 'பிளாக்பார் டிடெக்‌ஷன்' என்பதை ஆன் செய்தால் அது பட்டையைத் தாண்டி உள்ளே இருந்து நிறம் எடுக்கும்.

அம்மாவுக்காக ஒன்று செய்யுங்கள். செய்தி பார்க்கும் நேரத்துக்கு நிறம் மாறாத ஒரு நிலையைச் சேமித்து வையுங்கள்: 6500 கெல்வின் வெள்ளை, மங்கலாக. படங்களுக்கு நிறம் திருத்தும் ஸ்டுடியோக்களில் மானிட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டிய வெளிச்சமும் அந்த வெள்ளைதான். ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.2100 பரிந்துரை சதுர மீட்டருக்கு 5 கேண்டலா என்கிறது, அதாவது மிகவும் குறைவு. இருட்டறையில் பளிச்சென்ற திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு இந்தச் சின்ன வெளிச்சம் எவ்வளவு ஆறுதல் என்பதை ஒரு வாரம் பார்த்தால் அம்மாவே சொல்வார். நிறம் ஆடும் விளக்கு படத்துக்கும் விளையாட்டுக்கும் உரியது. தினமும் மணிக்கணக்கில் பார்க்கிறவர்களுக்கு அசையாத வெள்ளைதான் நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பச்சைச் சுவர் சிவப்பைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். சூரிய அஸ்தமனக் காட்சி அதில் பழுப்பாகத்தான் தெரியும். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் வைத்து, சுவரும் வெள்ளையாகத் தெரியும்வரை சாஃப்ட்வேரில் பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அதைவிட நல்லது, டிவிக்குப் பின்னால் டிவியைவிட நாலு பக்கமும் இரண்டடி கூடுதலாக வரும்படி மேட் வெள்ளை பெயின்ட் அடிப்பது. பளபளக்கும் எனாமல் வேண்டாம், ஒவ்வொரு பிக்சலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். சுவரோடு ஒட்டி மாட்டிய டிவியிலும் இந்தப் புள்ளித் தொல்லை உண்டு. பத்து செ.மீ. இடைவெளி இருந்தால் நிறம் கலந்து வரும்.

ஒட்டிய ஸ்ட்ரிப் அடிக்கடி கழன்று தொங்குகிறது. என்ன பசை போடுவது?
– தஞ்சாவூர் வாசகர்

டிவியின் பின்பக்கப் பிளாஸ்டிக் சொரசொரப்பாக இருக்கும், தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். ஸ்ட்ரிப்போடு வரும் டேப் அதில் நிற்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். அலுமினியச் சேனல் வாங்கி, அதை நல்ல இரட்டைப் பக்க ஃபோம் டேப்பால் டிவியில் ஒட்டி, ஸ்ட்ரிப்பை அதற்குள் படுக்க வையுங்கள். சூட்டையும் அலுமினியம் இழுத்துக்கொள்ளும். ஃபெவிக்விக் போடாதீர்கள், பின்னால் ஒரு பிக்சலை மாற்ற வேண்டி வந்தால் ஸ்ட்ரிப் கிழிந்துதான் வரும். டிவியின் காற்று ஓட்டைகளை மட்டும் மூடாமல் ஒட்டுங்கள்.